நோரா ஜோன்ஸின் அம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 26 வருடங்களாக உங்கள் இதழை வாங்குகிறேன். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் படத்தைப் பார்த்ததும், காய் நறுக்குவதைக்கூட அப்படியே வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறார்கள் என்று அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது வரியில் அது போய்விட்டது. அவருடைய அப்பா, சிதார் மேதை ரவிசங்கரின் ரத்தத்தில் ஓடிய இசைதான் மகளின் குரலாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், முதல் ஆல்பத்தோடு அந்த ஊற்று வற்றிவிட்டது என்றும் முடித்துவிட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தப் பெண்ணை வளர்த்தவர் அவருடைய அம்மா சூ ஜோன்ஸ். டெக்சாஸில் கிரேப்வைன் என்கிற ஊரில் தாயும் மகளுமாக இருந்தார்கள். அம்மாவின் இசைத்தட்டுகளில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவின் எட்டுத் தட்டுத் தொகுப்பு ஒன்று இருந்தது. அதில் தனக்குப் பிடித்த ஒரு தட்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக நோராவே சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் தேவாலயப் பாடகர் குழு, அப்புறம் பியானோ வகுப்பு, டாலஸில் கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளி, வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ. இதில் எந்த இடத்தில் சிதார் வந்தது? வளர்கிற வயதில் பல வருடம் அப்பாவோடு தொடர்பே இல்லை. 18 வயது வாக்கில்தான் மறுபடி சேர்ந்தார்கள். கீதாலி நோரா ஜோன்ஸ் சங்கர் என்று இருந்த பெயரை, 16 வயதிலேயே சட்டப்படி நோரா ஜோன்ஸ் என்று மாற்றிக்கொண்டவர் அவர். எந்தப் பெயரைச் சுமப்பது என்று ஒரு பெண் தானே முடிவுசெய்திருக்கிறார். நீங்கள் ஒரே வரியில் அதைத் திருப்பி மாற்றிவிட்டீர்கள்.

ரவிசங்கர் மேல் எனக்கு மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. 2012 டிசம்பரில் அவர் காலமான செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் சிதார் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் பிற்பாடு நெருங்கினார்கள், தங்கை அனௌஷ்காவோடு சேர்ந்து 2013இல் வந்த ஆல்பத்தில் நோரா பாடினார், எல்லாம் நல்ல விஷயம். ஆனால் வளர்த்தவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லாத கட்டுரையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அப்பா நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவர். எனக்கு நாலு வயதில் வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டார். அம்மா ரவிக்கை தைத்து என்னை வளர்த்தார். மிதித்துக்கொண்டே இருக்கும் தையல் மெஷினுக்கு மேலே மரப்பலகையில் ரேடியோ. மதியம் இலங்கை வானொலி வைத்தால், பாட்டு முடிகிறவரை கத்தரிக்கோலைக்கூட மெதுவாகத்தான் கீழே வைப்பார். பாட்டு வாத்தியாருக்கு மாதம் முப்பது ரூபாய், அதுவும் தீபாவளித் தையல் கூலியிலிருந்து முன்பணமாக. பள்ளி ஆண்டு விழாவில் நான் முதல் பரிசு வாங்கியபோது தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, இன்னாருடைய பெண்ணாச்சே, பாடாமல் இருக்குமா என்றார். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே தைக்க உட்கார்ந்துவிட்டார். 41 வருடம் கழித்து, உங்கள் மூன்றாவது வரியில் அதே தலைமையாசிரியரின் குரலைக் கேட்டேன்.

நான் பாடகியாகவில்லை. 22 வருடம் பாட்டு டீச்சராக இருந்தேன். 2003இல் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஒருவர் கொடுத்த சி.டி.யில்தான் நோராவை முதலில் கேட்டேன். எனக்கு ஜாஸ் தெரியாது. ஆனால் குரலை எங்கே அடக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பது நான்கு வரியில் புரிந்தது. மேல் ஸ்தாயிக்குப் போய்க் கைதட்டல் வாங்கும் ஆசையே கிடையாது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி, சொல்லை அவசரமில்லாமல் இறக்கிவைக்கிறார். பியானோவில் இரண்டு சுரத்துக்கு நடுவே இடம் விடுகிறார், அந்த இடத்தை நிரப்பத் துடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு நான் வருடக்கணக்காகச் சொல்லியும் புரியவைக்க முடியாத விஷயம் அது. என் அம்மா கடைசி வருடத்தில் படுக்கையில் இருந்தபோதும் இதைத்தான் போடச் சொல்வார். மொழி தெரியாது. "இந்தப் பொண்ணு யாரு, சத்தமே போடாம பாடுது" என்று கேட்டார். அம்மா வளர்த்த பிள்ளை என்று சொன்னேன்.

அந்த முதல் ஆல்பம், "கம் அவே வித் மீ", 2002 பிப்ரவரியில் ப்ளூ நோட் என்கிற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. தயாரித்தவர் ஆரிஃப் மார்டின். பாடகி அரேதா ஃப்ராங்க்ளினோடெல்லாம் வேலை செய்த மூத்தவர். அவர் நினைத்திருந்தால் வயலின்களைக் கொட்டி நிரப்பியிருக்கலாம், செய்யவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 139ஆம் இடத்தில் நுழைந்து, மெதுவாக ஏறி, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து 2003 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது. அப்பா பெயரால் விற்றிருந்தால் முதல் வாரமே விற்றிருக்க வேண்டாமா? கேட்டவர்கள் அடுத்தவரிடம் சொல்லி, அவர்கள் இன்னொருவரிடம் சொல்லி விற்றது அது. அடுத்த மாதமே நோராவுக்கு ஐந்து கிராமி இசை விருதுகள். உலகம் முழுக்க இரண்டரைக் கோடிக்கும் மேல் போயிருக்கிறது.

இன்னொன்று. அதில் எல்லாரும் முணுமுணுக்கிற "டோன்ட் நோ வை" பாட்டையும் நோரா எழுதியதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவர் ஜெஸ்ஸி ஹாரிஸ். அந்த வருடத்தின் சிறந்த பாடலுக்கான கிராமி அவர் கைக்குத்தான் போனது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு நோராவுடையது. ஹாங்க் வில்லியம்ஸ், ஹோகி கார்மைக்கேல் பாட்டுகளும் அதில் உண்டு. பாட்டு எழுதியவரை விட்டுவிடுவது உங்களிடம் புதிதல்ல. நம் சினிமாப் பாடல்களைப் பற்றி எழுதும்போதும் படத்தின் பெயர், நடிகரின் பெயர் எல்லாம் வரும், பாட்டு எழுதியவர் மட்டும் வரமாட்டார். இதைப் பற்றி ஏற்கனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஊற்று வற்றிவிட்டது என்றீர்களே, அது எனக்கு ஆறவே இல்லை. 2004இல் வந்த இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே பத்து லட்சம் விற்றது. 2007இல் வந்ததில் எல்லாப் பாட்டும் அவர் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. பேர் வாங்கிக்கொடுத்த பாணியிலேயே வருடத்துக்கு ஒன்றாக விட்டுக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். அதைச் செய்யாமல் 2009இல் கிட்டாரைப் பிடித்தார். 2012இல் டேஞ்சர் மவுஸ் என்கிற இசைத் தயாரிப்பாளரோடு சேர்ந்து, பிரிவின் வலியைச் சொல்லும் இருட்டான ஆல்பம் ஒன்றைச் செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், முதல் ஆல்பத்தைவிடவும். 2016இல் பியானோவுக்குத் திரும்பியபோது பக்கத்தில் சாக்ஸபோனோடு ஜாஸ் மேதை வேய்ன் ஷார்ட்டர் நின்றார். ஜாஸ் உலகத்தில் அது எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்று உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்குமே. 2024இல் வந்த ஆல்பத்துக்கு மறு வருடம் கிராமி கிடைத்தது. வற்றிய ஊற்றில் இவ்வளவும் வருமா?

முன்பெல்லாம் உங்கள் இதழில் இசைக்கு முழுதாக இரண்டு பக்கம் இருந்தது. எழுதுகிறவர்கள் தட்டின் அட்டையைப் புரட்டி, வாசித்தவர்கள் பெயர்வரை சொல்வார்கள். இப்போது அரைப்பக்கம். மீதியை ராசிபலன் எடுத்துக்கொண்டது. விலை ஏறியது, சரி, எல்லாம்தான் ஏறுகிறது. ஆனால் அந்த அரைப்பக்கத்திலும் பெண்களை இன்னார் மகள், இன்னார் மனைவி என்றுதானே அறிமுகம் செய்கிறீர்கள்? போன வருடம் ஒரு வயலின் கலைஞரைப் பற்றி எழுதியபோது, அவருடைய கணவரின் உத்தியோகம் முதல் பத்தியிலேயே வந்துவிட்டது. அவர் யாரிடம் கற்றார் என்பது வரவேயில்லை.

எனக்கும் உங்களால் ஒரு வருத்தம் உண்டு. என் பெயருக்கு முன்னால் நிற்பது அம்மாவின் முதலெழுத்து. 2013இல் நான் எழுதிய கடிதம் ஒன்றைப் பாதி வெட்டிப் போட்டீர்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த எழுத்தை எடுத்துவிட்டுப் பெயருக்கு முன்னால் "திருமதி" என்று சேர்த்திருந்தீர்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. திருத்தம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அந்த இதழை அம்மாவிடம் காட்டவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். நோரா ஜோன்ஸை வளர்த்தவர் அவருடைய தாய் சூ ஜோன்ஸ் என்று ஒரு வரி. அந்தப் பாட்டை எழுதியவர் ஜெஸ்ஸி ஹாரிஸ் என்று இன்னொரு வரி. வேறு எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிரசுரிப்பதானால், என் பெயரும் முகவரியும் பின்பக்கத்தில் இருக்கின்றன. முதலெழுத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
திண்டுக்கல்