சித்தப்பாவின் நான்கு கொப்பிகள்

அன்புள்ள சித்தப்பா,

நாளை ஒக்டோபர் 8. அது யாருடைய நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆண்டுத் திவசம் சென்ற வாரம் முடிந்தது. சித்தி சமைத்தார், ஐயர் வந்தார், வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதையே பேசிவிட்டுப் போனார்கள். நானும் நல்லதைத்தான் பேசினேன். பேசாமல் விட்டதை எழுத ஒரு வாரம் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில் அந்நிய நாட்டுக்காகப் பறந்த விமானிகளைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு கொப்பிகளையும் தட்டச்சு செய்து இணையத்தில் போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். ஆறு வருடங்களாக "செய்கிறேன், செய்கிறேன்" என்று உங்களை ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றினேன் என்பதும் முழுக்கச் சரியில்லை. இரண்டு தடவை தொடங்கினேன், இரண்டு தடவையும் ஒரே இடத்தில் கோபம் வந்து மூடிவைத்தேன். இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள் என்பதால் சில பெயர்களையும் வருடங்களையும் விட்டுவிட்டே எழுதுகிறேன். எவற்றை விட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

அந்நிய நாட்டுக்காகப் போர் விமானம் ஓட்டியவர்களை நீங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தீர்கள்: திரும்பிப் போக வீடு இருந்தவர்கள், இல்லாதவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தவர்களுக்காக 71, 121, 133 என்று மூன்று 'ஈகிள்' படையணிகள் இருந்தும், அவை மூன்றுக்குமாகச் சேர்த்து இரண்டே பக்கங்கள்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். "1942 செப்டம்பரில் தங்கள் நாட்டுப் படைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கொடுத்துவைத்தவர்கள்" என்று அந்தப் பகுதி முடிகிறது. சீனாவுக்காகப் பறந்த 'பறக்கும் புலிகள்' என்ற அமெரிக்க விமானிகளுக்கு அரைப் பக்கம். மாதம் 600 டொலர் சம்பளம், விழுத்திய ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டொலர் என்று எழுதி, பக்கத்திலேயே "கூலி" என்று ஒற்றைச் சொல்லை எழுதி அடைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள். காசு வாங்கியதால் ஒருவனுடைய துணிச்சல் குறைந்துவிடுமா என்று உங்களிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் மாதம் தவறாமல் அனுப்பிய காசில் படித்தவன் நான். அதனாலேயே கேட்க முடியாமல் போனது.

மஹிந்தர் சிங் பூஜ்ஜிக்கு மட்டும் விதிவிலக்கு. 1940-இல் இந்தியாவிலிருந்து பிரித்தானிய விமானப்படைக்குப் போன 24 விமானிகளில் ஒருவர், தலைப்பாகையைக் கழற்றாமல் அதன் மேலேயே செவிப்பேசியைப் பொருத்திக்கொண்டு பறந்தவர், அவரும் வீடு உள்ளவர்தான். ஆனாலும் 2014-இல் கிரேவ்ஸெண்டில் அவருக்குச் சிலை வைத்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். சிலையைச் சுற்றி மூன்று தரம் நடந்தீர்கள், கோயில் வீதியில் நடப்பதுபோல. அன்றைக்கு உங்களை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லாமலே விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டரைக் கொப்பிகளும் நோர்தோல்ட் விமானத்தளம்தான். நம் வீட்டிலிருந்து கார் ஏறினால் இருபது நிமிடம். ஏ40 வீதியில் நெரிசல் என்றால் வானொலிக்காரர் முதலில் சொல்லும் பெயர் போலந்துப் போர் நினைவுச்சின்னம். அந்தப் பெயர் ஒரு சந்தியாகவும் ஒரு பஸ் தரிப்பிடமாகவும் மாறிப்போனது உங்களுக்குத் தீராத மனவருத்தம். நோர்தோல்டிலிருந்து பறந்த போலந்துக்காரர்களின் 303-ஆம் படையணியின் ஆரம்ப நாட்களை நீங்கள் எழுதியிருக்கும் விதம் இப்போது வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் தங்கள் நாட்டில் பயின்ற விமானங்களில் எரிபொருள் நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் வேகம் கூடும், இங்கே முன்னால் தள்ள வேண்டும் என்பதும், மீற்றரில் பழகிய கண் அடியில் உயரம் வாசிக்க வேண்டியிருந்ததும், இறங்கும்போது சக்கரத்தைக் கீழே விட மறந்ததும், அக்ஸ்பிரிட்ஜ் மைதானத்தில் வானொலிக் கருவி பொருத்திய மூன்று சக்கரச் சைக்கிள்களில் அணிவகுத்து ஆங்கிலக் கட்டளைகளுக்குத் திரும்பிப் பழகியதும் வரிசையாக வருகின்றன. தங்கள் நாட்டுக்காக ஏற்கெனவே போரிட்டுவிட்டு வந்த விமானிகள், வளர்ந்த ஆண்கள், முச்சக்கரச் சைக்கிளில். அந்த இடத்தில் "சிரிக்காதே" என்று எனக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. லண்டனுக்கு வந்த புதிதில் உங்களுக்கு யார் எந்தச் சைக்கிளைக் கொடுத்தார்கள் என்பதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

1940 ஓகஸ்ட் கடைசி நாளில் போரில் இறக்கப்பட்ட அந்தப் படையணியின் கணக்கில் 126 விமானங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவர்கள் உரிமை கோரிய எண்ணிக்கை, பிற்காலத்தில் ஜெர்மன் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் அதைக் குறைத்துச் சொல்கிறார்கள், எல்லாப் படையணிகளின் கணக்கும் அப்படித்தான் என்று நான் சொன்னபோது இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். இப்போது 126 என்பதை அப்படியே விட்டு, அருகில் அந்த விளக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். இனி எத்தனை வாரம் பேசாமல் இருக்கப் போகிறீர்கள்?

அந்தப் படையணியில் பறந்த யோசெஃப் ஃபிரான்டிஷெக் செக் நாட்டுக்காரர். 1939 மார்ச்சில் தன் நாட்டை ஜெர்மனி விழுங்கியதும் போலந்துக்குத் தப்பி வந்து அங்கே விமானப்படையில் சேர்ந்தார், போலந்தும் விழுந்ததும் ருமேனியா வழியாகப் பிரான்ஸ், பிரான்ஸும் விழுந்ததும் இங்கிலாந்து. இங்கே செக்காரர்களுக்கென்று தனிப் படையணி அமைந்த பிறகும் அவர் போலந்துக்காரர்களோடேயே இருந்துவிட்டார். அணியை விட்டு விலகித் தனியே போய், திரும்பும் ஜெர்மன் விமானங்களுக்காக ஆங்கிலக் கால்வாயின் மேல் காத்திருக்கும் பழக்கத்தை அதிகாரிகளால் நிறுத்த முடியாமல், கடைசியில் அவரைப் படையணியின் 'விருந்தாளி' என்று வைத்து அவர் போக்கிலேயே விட்டார்கள். செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் 17 விமானங்கள். ஒக்டோபர் 8 காலையில் ரோந்து முடிந்து திரும்பும் வழியில், சண்டை எதுவும் இல்லாத வானத்திலிருந்து, சரேயில் யூவெல் என்ற இடத்தில் அவருடைய ஹரிக்கேன் விழுந்தது. முதல் நாள்தான் 26 வயது நிறைந்திருந்தது. காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. காதலியின் வீட்டுக்கு மேலே வித்தை காட்டப் போய் விழுந்தார் என்ற கதையை நீங்கள் மூன்றாம் கொப்பியில் உண்மை என்றே எழுதிவைத்திருக்கிறீர்கள். ஆதாரமில்லாத வதந்தி என்று நான் எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. காரணமில்லாமல் ஒருவர் விழுந்தார் என்பதை உங்களால் எழுத முடியவில்லை என்பது இப்போது புரிகிறது.

அவரைப் புதைத்த நோர்த்வூட் மயானத்துக்கு உங்களோடு நான் போனது ஒரே ஒரு தடவை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காரை நிறுத்திய இடத்தில் கட்டிய காசுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. நான் கைபேசியைப் பார்த்தபடி நின்றேன். நீங்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன் மேல் மண்டியிட்டு, கைக்குட்டையால் அந்தக் கல்லைத் துடைத்தீர்கள். மேலோட்டமாகத் துடைக்கவில்லை. கைக்குட்டையின் நுனியை விரல் நகத்தில் சுற்றி, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் விட்டு, பச்சைப் பாசியைச் சுரண்டி எடுத்தீர்கள். பெயரின் கடைசி எழுத்துக்கு வந்தபோது கை நடுங்கியது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"அப்பாவின் சாம்பலைக் கரைக்க வரவில்லை. யாரோ ஒரு செக்காரனின் கல்லைத் துடைக்கிறீர்கள்."

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி எழுத்தை முடித்தீர்கள். ஈரக் கைக்குட்டையை நான்காக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். காரில் ஏறி ஏ40-க்கு வரும்வரை ஒரு சொல் இல்லை. நினைவுச்சின்னத்தைக் கடக்கும்போது மட்டும், "கை பழகினது ஒரு பக்கம், மெஷின் கேட்டது மற்றப் பக்கம்" என்றீர்கள். நெம்புகோலைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "தெரியும், முதலாம் கொப்பியில் இருக்கிறது" என்றேன். அவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்.

சொன்னது தவறு. சொன்ன இடமும் தவறு. ஆனால் அது பொய்யில்லை, சித்தப்பா. கொள்ளி வைத்துவிட்டு நான் தனியாக வீட்டுக்கு நடந்தபோது, அண்ணனுக்குத் தம்பி எங்கே என்று ஊரே என்னிடம்தான் கேட்டது. காசு வந்தது, எல்லோருக்கும் முன்னால் வந்தது, எல்லோரையும்விடக் கூடவும் வந்தது. அதைக் காட்டி நான் என்ன பதில் சொல்வது? நம் ஊரில் போர் முடிந்து விமானங்கள் நிரம்பி வழிந்து மக்கள் ஊருக்குப் போய்வந்த காலம் அது. நீங்கள் ஏன் போகவில்லை என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருந்ததாகச் சித்தி சொல்கிறார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

நான்காம் கொப்பியைத் திறந்தது சென்ற மாதம்தான். ஸ்டனிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி பற்றி உங்களிடமிருந்து நான் அதிகம் கேட்டதில்லை. போலந்து விமானிகளிலேயே அதிக வெற்றி பெற்றவர், இங்கேயே இருந்திருக்கலாம், 1947-இல் ஊர் திரும்பினார். அடுத்த வருடமே உளவாளி என்று சிறையில் போட்டார்கள், பிறகு மரண தண்டனை விதித்தார்கள், அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஏ40-இல் அந்த நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்த 1948-இல் ஸ்கால்ஸ்கி தன் சொந்த நாட்டுச் சிறையில் இருந்தார் என்று ஓரத்தில் எழுதி, '1948' என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை போட்ட கோடு இல்லை. தாள் கிழியும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது. அடுத்த பக்கத்தில் 1948-க்குப் பிறகு செக் நாட்டில் சிறைக்குப் போன விமானிகள். அதற்கடுத்ததும் அதே. அந்தக் கொப்பி முழுவதும் திரும்பிப் போனவர்கள். எனக்கு ஒரு பதில் எழுதுவதற்காக நீங்கள் எண்பது பக்கம் மற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானோ ஆறு வருடம் அதைத் திறக்காமல் அலுமாரியில் வைத்திருந்தேன்.

அன்று இரவு வெகுநேரம் அழுதேன். விடிந்ததும் மறுபடியும் கோபம் வந்தது. ஏனென்றால் ஸ்கால்ஸ்கியின் கதை அந்தக் கோட்டோடு முடியவில்லை. 1956-இல் வெளியே வந்தார், குற்றம் துடைக்கப்பட்டது, திரும்பவும் விமானப்படைக்குப் போனார், 2004 வரை தன் நாட்டிலேயே வாழ்ந்து முடித்தார். இதுவெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு விமானியின் பிறந்த கிராமத்தைத் தேடி மூன்று நூலகங்களுக்குப் போனவர் நீங்கள். தெரிந்தே விட்டிருக்கிறீர்கள்.

கொப்பிகளில் நான் எதையும் வெட்டவில்லை. ஃபிரான்டிஷெக்கின் காதலி கதையும் அப்படியே இருக்கிறது, ஆதாரமில்லை என்ற என் குறிப்போடு. 'கூலி' என்ற சொல்லும் இருக்கிறது. நாளை நோர்த்வூட்டுக்குப் போகிறேன். கார் நிறுத்த இந்தத் தடவை முழு நாளுக்கும் காசு கட்டுவேன். ஸ்கால்ஸ்கியின் பக்கத்தில் நீங்கள் போட்ட கோட்டைத் தொடவில்லை. அதற்குக் கீழே 1956 என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நானும் பென்சிலால்தான் எழுதினேன், உங்களுக்கு விருப்பமில்லையென்றால் அழித்துக்கொள்ளலாம் என்று.

உங்கள் அண்ணன் மகன்