செத்து மிதந்தால்தான் கணக்கா?

ஆற்று நீரின் மாசைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாயப்பட்டறைக் கழிவும் தோல் ஆலைக் கழிவும் எந்த வழியாக, எந்த நேரத்தில் காவிரிக்கு வருகின்றன என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போன வாரம் உங்கள் அலுவலகத்தில் கிடைத்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த மடல். "மீன் எதுவும் செத்து மிதக்கவில்லையே, தண்ணீர் அளவுக்குள்தான் இருக்கிறது" என்றார் அங்கிருந்தவர்.

மிதக்கவில்லை, வாஸ்தவம். பிறக்காத மீன் எப்படிங்க மிதக்கும்?

நான் மீன்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவன். சினைமீன் வளர்க்கும் குளத்துக்கு வாய்க்கால் தண்ணீர்தான். வைகாசிக் கடைசியில் புல்கெண்டைக்குச் சினை முதிர ஊசி போட்டு, விடியற்காலையில் சினையைப் பிழிந்தெடுத்தோம். கை பட்டதும் வழிந்து வந்த நல்ல சினை. ஆண்மீனிடம் பாலும், அதாவது விந்தும், வந்தது. இறகால் கலக்கி, தண்ணீர் விட்டு, தொட்டியில் சேர்த்தோம். மத்தியானத்துக்குள் அத்தனை முட்டையும் சுண்ணாம்புபோல் வெளுத்துவிட்டது. வெளுத்தால் அது செத்த முட்டை, பொரியாது.

வெயில் என்று நினைத்தேன், அப்புறம் மருந்து சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை ஒரே பெண்மீனின் சினையை இரண்டு வட்டாவில் பிரித்தேன். ஒன்றில் என் ஆண்மீனின் பால். மற்றதில், ஆற்றின் மேற்பகுதியில் பண்ணை வைத்திருக்கும் நண்பர் கொடுத்த ஆண்மீனின் பால். அவருடையது பொரிந்தது. என்னுடையது மறுபடியும் வெளுத்தது. தெரிந்த கல்லூரிப் பையன் நுண்ணோக்கியில் காட்டினான். நண்பர் மீனின் விந்தணு ஓடுகிறது. என் மீனுடையது நின்ற இடத்திலேயே நடுங்குகிறது.

மீனின் விந்தணு உடம்புக்குள் அசையாமல் கிடக்கும். தண்ணீர் பட்டதும்தான் ஓடத் தொடங்கும். கெண்டை இனத்தில் அந்த ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் முட்டையிலுள்ள ஒரே ஒரு துளையைத் தேடி நுழைந்தாக வேண்டும். காட்மியமும் பாதரசமும் ஈயமும் இந்த ஓட்டத்தைத்தான் மட்டுப்படுத்துகின்றன, விந்துப்பையையும் கெடுக்கின்றன. உலோகம் மக்காது. சேற்றில் படியும், பாசியில் ஏறும், மீனுக்குள் சேரும். நீங்கள் மேல்தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு போனால் அது எங்கே அகப்படும்?

என் குளத்தில் உலோகம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சோதித்தால்தானே தெரியும்? அதனால் கேட்கிறேன்: வாய்க்கால் சேற்றையும், மீனின் ஈரலையும் விந்துப்பையையும் எடுத்து உலோகச் சோதனை செய்யுங்கள். முடிவை ஊரறிய வெளியிடுங்கள்.

என் கதையாவது பரவாயில்லை, வேறு ஆண்மீன் வாங்கிக்கொள்வேன். ஆற்றுக் கெண்டை என்ன செய்யும்? புதுவெள்ளம் வந்தால்தான் அது முட்டையிடும். அதே மழை இரவுக்குத்தான் கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பருவம்! அந்த இரவுகளில் உங்கள் ஜீப்பை நான் கரையில் பார்த்ததில்லை. சுற்றுச்சூழல் நாளன்று பார்த்தேன். துணிப்பை கொடுத்தீர்கள். உறுதியான பை. வெளுத்த முட்டையை வடித்துக் கொட்ட அதைத்தான் பயன்படுத்தினேன்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி கெண்டை மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். என் தொழிலே அதிலிருந்து வந்தது. அந்த நாளை மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாட இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. சால்வை வேண்டாம், சோதனை முடிவு போதும்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேற்றையும் மீனையும் சோதியுங்கள் என்பதுதான் என் பணிவான வேண்டுகோள். எந்த நாள் வந்தாலும் சரி. இரண்டு ஆண்மீன்களைத் தனித்தொட்டியில் விட்டு வைத்திருக்கிறேன். ஐஸ் பெட்டி நானே தருகிறேன்.

இப்படிக்கு,
காவிரிக் கரை மீன்குஞ்சுக்காரன்