சிவப்பில் வந்த எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த நுரையீரல் புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். ரத்தத்தில் சில புரதங்களை அளந்தால் நோயாளியின் ஆயுளையே சொல்லிவிடலாம் என்பது போல முடித்திருக்கிறீர்கள். 26 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சி.இ.ஏ. என்ற புரதத்தை 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் குடல் புற்றில் கண்டுபிடித்தார்கள். நுரையீரல் புற்றிலும் அது கூடும். ஆபரேஷனுக்கு முன்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் பீடி பிடிக்கிறவருக்குப் புற்றே இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் ஏறியிருக்கும். நுரையீரல் புற்றுக்குப் பார்க்கும் இன்னொரு புரதமான சைஃப்ரா 21-1 சிறுநீரகக் கோளாறிலும் ஏறும்.

நுரையீரல் புற்றில் சிறுசெல் (ஸ்மால் செல்) என்ற வகைக்குப் பார்க்கும் என்.எஸ்.இ. என்ற புரதத்தில்தான் எனக்குப் பெரிய பயம். அந்தப் புரதம் ரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி இழுத்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்துப் பாருங்கள். மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருப்பதற்குப் பதிலாக ரோஸ் நிறத்தில் இருக்கும். அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அதை அப்படியே மெஷினில் வைத்தால் எண் எகிறும். நோய் என்னவோ அதே அளவில்தான் இருக்கும். அப்படி வந்த குழாய்களை ஒதுக்கிவிட்டு, "இன்னொரு தடவை ரத்தம் வேணும்" என்று கேட்டு எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

என் அண்ணனுக்கு இடது நுரையீரலில் ஆபரேஷன் ஆன மறுவருஷம் நடந்தது இது. ராத்திரி பத்து மணிக்கு அண்ணியின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. அளவுக்கு மேல் என்று சி.இ.ஏ. எண் சிவப்பில். டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்தது. "அவ்வளவுதானாம்மா?" என்று அண்ணி கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அண்ணன் சாப்பிடாமலே படுத்துவிட்டார். காலையில் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அது வேறு கூடம், வேறு கிட் (பரிசோதிக்கும் மருந்துப் பெட்டி). இரண்டு கம்பெனி கிட்டில் வரும் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. பழைய இடத்திலேயே மறுபடி பார்த்தோம், எண் முன்பிருந்த அளவில்தான் இருந்தது. அந்த ஒரு ராத்திரிக்கு யார் பொறுப்பு?

சிகிச்சையையே மாற்றக்கூடிய புரதத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. பி.டி.-எல்1 என்று பெயர். இதை ரத்தத்தில் பார்ப்பதில்லை, கட்டியிலிருந்து எடுத்த சதையில் பார்க்கிறார்கள். முற்றிய நிலையில், சிறுசெல் அல்லாத வகையில், புற்றணுக்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ இந்தப் புரதம் இருந்து, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களில் மாற்றங்கள் இல்லாதவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். இந்தப் புரதத்தைப் பார்க்க, பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டை வேண்டும். 'பிளாக்' என்பார்கள், தீப்பெட்டியைவிடச் சின்னது. அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி, புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதையெல்லாம் விளக்கி எழுதச் சொல்லுங்கள். ஒரே கூடத்தில் தொடர்ந்து பார்ப்பது, பிளாக்கைக் கேட்டு வாங்குவது, எண் ஏறினால் உடனே யாரிடம் கேட்பது, இந்த மூன்றும் கட்டாயம் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை.