முதலில் பூனைக்கு எடுத்து வை

மயிலாப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தீபா,

கடிதம் கிடைத்தது. வைகாசியில் வேளச்சேரிக்குக் குடி வருகிறீர்கள், மூன்றாவது மாடி, உளுந்தும் பூந்தியும் கூடவே வருகிறார்கள் என்று படித்ததும் சந்தோஷம். பூனைக்கு உளுந்து என்று பேர் வைத்தது நீயா கார்த்தியா? கறுப்பு உளுந்துதானே?

மீன் எங்கே வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரைக் கூப்பிட்டால் எப்படிச் சமாளிப்பது, அந்தக் கூட்டத்தில் பூனைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் கடைசியில் ஒரே அடுப்புக்குத்தான் வந்து சேரும். அதனால் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பூனைக்கு முதலில், சைவம் அடுத்து, மீன் குழம்பு கடைசியில். இது மாறினால்தான் எல்லாக் குளறுபடியும்.

நீங்கள் வருகிற நேரம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. வஞ்சிரம், வவ்வால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதுவும் பாதி மேற்குக் கரையிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வந்ததாக இருக்கும். ஆனால் ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. கரையோரம் பிடிக்கிற நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், சில நாள் சங்கரா வரும். தடை முடிகிற வரை சின்ன மீனோடு குடித்தனம் நடத்து, பூனைகளுக்கும் அதுதான் தோது. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட்டுக்குப் போய்விடலாம். காசிமேடு என்றால் விடிவதற்குள் போக வேண்டும், ஏலக் கூட்டத்தில் நிற்கவும் தெம்பு வேண்டும். எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

நாளும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே மீன் வாங்கும். சனிக்கிழமை பெருமாளுக்கென்று பல வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் கூட்டம் குறைவு, பேரம் பேசலாம், வெட்டுகிற அக்காவுக்கும் பொறுமையாகச் சுத்தம் செய்ய நேரம் இருக்கும். புரட்டாசியில் இது இன்னும் நன்றாகத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பென்றால் நகர்ந்துவிடு. கண் பிதுங்கி இருக்க வேண்டும், குழிந்து இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். செவுளில் சாயம் தடவினாலும் கண்ணையும் சதையையும் ஏமாற்ற முடியாது. எட்டுப் பேருக்கு முழு மீனாக ஒன்றரைக் கிலோ சங்கரா வாங்கு. செதில், செவுள், குடல் போனால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். கூடவே நெத்திலி முக்கால் கிலோ, அரைக் கிலோ வறுக்க, கால் கிலோ பூனைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கால் கிலோவைத்தான் முதலில் அடுப்பில் வைக்க வேண்டும். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். மீன் மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்தபின் ஐந்து நிமிஷம். பச்சையாகப் போடாதே, சில மீன்களில் தயமினேஸ் என்று ஒரு நொதி உண்டு, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வெந்தால் அந்த வேலை நின்றுவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டவும் கூடாது. பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்கிற சத்து தண்ணீரில் இறங்கிவிடும், ஆறவைத்து மீன் மேலேயே ஊற்று. சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கிற பூனைக்கு இது நல்ல தந்திரமும்கூட. நெத்திலி முள் மெல்லியது, வெந்தபின் நடுமுள்ளை மட்டும் விரலால் உருவிவிடு. மத்தி என்றால் சதையை முழுக்கப் பிசைந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டால் வேளைக்கு ஒரு கட்டி.

ஆனால் மீன் மட்டுமே சாப்பாடு என்று ஆக்கிவிடாதே. ருசி பழகிவிட்டால் மற்றதைத் திரும்பியும் பார்க்காது. வெறும் மீனிலோ வெறும் கோழிக்கறியிலோ கால்சியம் சரியாகச் சேராது. பூனைக்கென்று சமச்சீராகச் செய்த தீவனம்தான் அடிப்படை, மீன் வார இறுதிப் பலகாரம். தயிர்சாதம் போட்டு வளர்ப்பது நம் பாட்டிகள் வழக்கம். அந்தப் பூனைகள் மிச்சத்தை எலியிலும் பல்லியிலும் தேடிக்கொண்டன, மூன்றாவது மாடிப் பூனைக்கு எது எலி? பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும்.

ஏன் முதலில் பூனைக்கு எடுத்து வை என்கிறேன் தெரியுமா? வெங்காயம், பூண்டு. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போட்டால் போதும் என்று உன் மாமியார் சொல்லக்கூடும். சாறு சதைக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது. இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சை, வெந்தது, பொடி என்ற வித்தியாசம் இல்லை. அன்றைக்கே ஒன்றும் தெரியாததால்தான் ஆபத்து. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகி, பூனை மூலையில் சுருளும். வெந்த மீன் தலையைப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடு, அந்த எலும்பு கூராகப் பிளக்கும். கருவாடு வெறும் உப்பு, அதன் வாசனைக்கு உளுந்து அலமாரி ஏறும், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வை.

இனி மனுஷர்களுக்கு. கீதா சைவம் என்பதால் அவளுக்கான வெண்டைக்காய் மோர்க்குழம்பையும் பொரியலையும் தனிச் சட்டியில், மீன் அடுப்பேறும் முன்பே முடித்து மூடிவிடு. மீனைத் தொட்ட கரண்டி அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள். மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதித்தால் திரியும்.

மீன் குழம்பு சனிக்கிழமை சாயங்காலமே. ஞாயிறு மதியம்தான் அது குழம்பு. ஒரு கிலோ மீனுக்குப் புளி 50 கிராம், சின்ன எலுமிச்சை இரண்டு அளவு. பழைய புளி கறுத்திருக்கும், புளிப்பும் கூட, அப்படியானால் 40 கிராம் போதும். சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு இருபது பல், தக்காளி மூன்று, குழம்பு மிளகாய்த்தூள் நான்கு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. நல்லெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, இதில் கஞ்சம் பண்ணாதே. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்து அடங்கியபின் அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் செம்பொன் நிறம் வந்த நொடியில் வெங்காயத்தைக் கொட்டிவிடு. கறுத்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதற்கு மருந்தே கிடையாது. எண்ணெயோடு கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் மலிவு. வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதங்கி, தக்காளி குழைந்தபின் தூளைப் போட்டு ஒரு நிமிஷம் பிரட்டிப் புளித்தண்ணீரை விடு. இருபது நிமிஷம் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால்தான் பச்சை வாசனை போயிற்று என்று அர்த்தம்.

மீனை அப்போதுதான் போட வேண்டும், அதுவும் தளதளவென்று கொதிக்கும்போது. கொதி அடங்கிய குழம்பில் போட்டால் மீன் இறுகாமல் நீர் விட்டு, கவிச்சி வாடை குழம்பில் ஏறும். அதன்பின் கரண்டியை எட்ட வைத்துவிடு. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று, போதும். சங்கராவுக்கு ஐந்து நிமிஷம், கனத்த துண்டானால் எட்டு. மண்சட்டி என்றால் ஒரு நிமிஷம் முன்பே அணைத்துவிடு, அது அடுப்பிலிருந்து இறங்கியும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். புதுச் சட்டியை வாங்கியவுடன் ஏற்றாதே. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும், பிறகு அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவிடு, காய்ந்ததும் உள்ளே எண்ணெய் தடவு. இதைச் செய்யாத சட்டி முதல் குழம்பிலேயே விரிசல் விடும், இல்லாவிட்டால் மண் வாசனையைக் குழம்புக்குக் கொடுக்கும். வேகும் சூடு ஆறியதும், மேமாத இரவானால், குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. ஞாயிறு மதியம் வேண்டியதை மட்டும் சுடவை.

அரிசி ஒரு கிலோ வடித்தால் எட்டுப் பேருக்குத் தாராளம். இட்லி மாவும் இருந்தால் ராத்திரி தங்குகிறவர்களுக்கு ஆகும். நாலுக்கு ஒன்று, ஒரு தேக்கரண்டி வெந்தயம், உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நேரத்தில் கவனம். மே மாதச் சூட்டில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி ஆட்டி வைத்துவிட்டு எட்டு மணிக்கு எழுந்தால் மேடையெல்லாம் மாவு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே, மூடிமேல் அம்மிக்குழவியோ எதுவோ கனமாக வை. கதகதப்பான மூடி பூனைக்கு மெத்தை.

விருந்தாளி வரும் ஒரு மணி நேரம் முன்பே இரண்டையும் ஒரு படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்து. உள்ளே தண்ணீர், மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. கதவில் ‘பூனை உள்ளே’ என்று காகிதம் ஒட்டு. பூனை தப்புவது வாசலில்தான், எட்டுப் பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். ரமேஷுக்குப் பூனை ஆகாது, தும்மித் தள்ளுவான். அவனுக்கு ஒவ்வாதது முடி என்று எல்லோரும் நினைக்கிறோம், உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை நக்கி நக்கி அதை முடியில் பூசிவிடுகிறது, காய்ந்து தூசாகப் பறக்கிறது. விளக்குமாற்றால் பெருக்கினால் அதைக் கிளப்பிவிடுவதுதான் மிச்சம். ஈரத்துணியால் தரையையும் ஃபேன் இறக்கையையும் துடை, சோபா உறையை மாற்று. இல்லையா, மொட்டை மாடியில் பாய் விரித்துவிடு. வெயில் தாழ்ந்தபின் கடல் காற்று வேளச்சேரி வரைக்கும் வரும்.

தரை துடைக்கப் பினாயில் வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும். பூனையின் கல்லீரலுக்குப் பினாயிலை வெளியேற்றும் சக்தி இல்லை, பாதத்தை நக்கியே உள்ளே போய்விடும். பாச்சா உருண்டையும் அப்படித்தான். யாராவது தலைவலி என்று பாராசிட்டமால் எடுத்தால் கீழே விழாமல் பார்த்துக்கொள், ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். பொக்கே கொண்டு வருகிறவர்களிடம் லில்லி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல். உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். மல்லிகை நல்லது, ஆனால் அதைக் கட்டின நூல் நல்லதல்ல. ராத்திரி தலையிலிருந்து எடுத்த சரத்தை மேசையில் போட்டுவிட்டுத் தூங்காதே. பூனை நாக்கில் முள் பின்னோக்கி இருக்கிறது, நூல் மாட்டினால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். வாயிலோ பின்னாலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதே, உள்ளே குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு. வீட்டருகில் ஒரு கிளினிக்கை முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள். பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-இல் தொடங்கியது, மருத்துவமனையும் அங்கேயே.

மண் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று. பாத்ரூமில் வைத்தால் ஈரத்தில் மண் சேறாகும், துணி துவைக்கிற இடத்தில் தண்ணீர் தெறிக்காத மூலை பார். தினமும் அள்ள வேண்டும். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை. விசேஷம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை கார்த்தியுடையது, இப்போதே பழக்கு.

மீன் கழிவைச் சனி ராத்திரி குப்பைக்கூடையில் போட்டால் பூந்தி அதைக் கூடம் முழுக்க இழுத்து வைத்திருக்கும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டி ஃப்ரீஸரில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, காலையில் குப்பை வண்டி வந்ததும் மக்கும் குப்பையில் போட்டுவிடு. ஃப்ரீஸரில் பொட்டலம் இருப்பதை மறந்துவிடாமல் இருந்தால் சரி.

பால்கனி வலையைக் குடி வருமுன்பே கட்டியாக வேண்டும். புறாவுக்கென்று கட்டுகிற வலையின் கண் பெரியது, இளம்பூனை தலையை விட்டுவிடும். ஒன்றரை அங்குலத்துக்குள் கேள், கொக்கி அடிக்கு ஒன்று அடிக்கச் சொல். நைலான் வெயிலில் இற்றுப்போகும், சில மாதத்துக்கு ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பால்கனியின் நீளம், உயரம், சமையலறை ஜன்னலின் அளவு மூன்றையும் அடியில் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. வலைக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன்.

உன்,
ரேவதி