ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும்,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா எழுதுகிறேன். ஆய்வகம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு முறை பேசியாகிவிட்டது. அதனால் நேரே காலாண்டுத் தேர்வு விடைத்தாளுக்கு வருகிறேன்.

‘கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன?’ இரண்டு மதிப்பெண் கேள்வி. என் மகள் எழுதியது: “இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து வைத்தால் காந்தம் இரும்பை மட்டும் இழுத்துக்கொள்ளும். அதையே சூடாக்கி இரும்பு சல்பைடு ஆக்கிவிட்டால், இரும்பைத் தனியாக இழுக்க முடியாது.” கிடைத்தது சுழி. ஓரத்தில் சிவப்பு மையில், ‘நோட்ஸில் உள்ளபடி எழுதவும்’.

நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். ‘கலவையில் பகுதிப்பொருள்கள் தம் பண்புகளை இழப்பதில்லை.’ சரி, அவள் சொன்னதும் அதைத்தானே ஐயா? பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஆற்று மணலில் இழுத்து, ஒட்டிய கறுப்புத் துகளைத் தாளில் தட்டித் தட்டிச் சேர்த்தவள் அவள். கந்தகத்தைச் சூடாக்கும் மீதிப் பாதியை வீட்டில் செய்ய நான் விடவில்லை; அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அதற்கென்றுதானே பள்ளியில் ஓர் அறை இருக்கிறது? ஜூன் முதல் அதில் பூட்டுத் தொங்குகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் மேசை முழுக்கப் பழைய விடைத்தாள் கட்டுகள். கட்டண ரசீதில் மட்டும் ‘ஆய்வகம்’ தவறாமல் வந்துவிடுகிறது.

ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

1909-ல் மான்செஸ்டரில், கதிரியக்கப் பொருளிலிருந்து சீறி வரும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டில் மோதவிட்டுப் பார்த்த இருவரில் மார்ஸ்டன் 20 வயது மாணவர். சில துகள்கள் வந்த வழியே திரும்பின. அதை வைத்துத்தான் 1911-ல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே கரு இருக்கிறது என்றார். அவருடைய ஆசிரியர் தாம்சன் முன்வைத்திருந்த அணு மாதிரி தள்ளுபடியானது. நம் பள்ளியில் எழுதியிருந்தால் ரூதர்ஃபோர்டுக்கும் சுழிதான். ஸ்மார்ட் போர்டில் எலக்ட்ரான்கள் ராட்டினம் மாதிரி சுற்றுவதைக் காட்டி உட்கார வைத்திருப்பீர்கள்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது ஆய்வகத்தைத் திறந்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், அந்த விடைத்தாளையும் ஒருமுறை பாருங்கள். காந்தம் இல்லையென்றால் சொல்லுங்கள், மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா