பாக்ஸ் ஹில் மலைப்பாதை ஓட்டம்: நமக்கு இது பயிற்சியே

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரலில் லண்டன் மாரத்தானின் 42.2 கி.மீ. ஓடவிருக்கும் நம்மில் பலர் பிப்ரவரியில், லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்திலுள்ள பாக்ஸ் ஹில் குன்றுப் பகுதியில் நடைபெறும் மலைப்பாதை ஓட்டத்திற்குப் பதிவு செய்திருப்பதால், அதை அந்த வாரத்தின் நீண்ட பயிற்சி ஓட்டமாகவே கருதும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவே போதும். மோல் ஆற்றங்கரையிலிருந்து மேலேறும் செங்குத்தான படிகளை நடந்தே கடக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை: மழையில் நனைந்த சுண்ணாம்பு மண் சோப்புத் தடவியதுபோல் வழுக்கும், வேகமாக இறங்கினால் தொடைத் தசைகளும் கடுமையாக வலிக்கும். சென்ற ஆண்டு அப்படி இறங்கிவிட்டு, நான் ஒரு வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடியே நடந்தேன். அந்த வாரப் பயிற்சி முழுவதும் வீணாயிற்று.

குளிரில் தாகம் எளிதில் தெரியாது என்பதால், அரை மணிக்கு ஒருமுறை நினைவாகத் தண்ணீர் குடியுங்கள். மாரத்தான் அன்று எடுக்கப்போகும் ஜெல்லையே (ஓடும்போது ஆற்றலுக்காக உண்ணும் சர்க்கரைக் கூழ்) இங்கும் பழகிப் பாருங்கள். நல்ல பிடிப்புள்ள காலணி, மழைச்சட்டை, கையுறை ஆகியவை அவசியம். முடித்தவுடன் ஈர உடையை மாற்றிவிடுங்கள்.

ரயிலில் வருபவர்கள் வியாழக்கிழமைக்குள் இக்குழுவில் தெரிவித்தால், பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்திலிருந்து சேர்ந்தே நடந்து செல்லலாம்.