கடை நேரமும் தையற்கூலியும் மாறுவது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் மாதம் முதலாம் திகதியிலிருந்து எமது புடவைக்கடை மாலை ஆறு மணிக்கு மூடப்படும், ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்படாது, தையற்கூலியும் சற்று உயரும். பணியாளர்களின் சம்பளத்தையும் வேலைநேரத்தையும் புதிதாக வகுத்ததால் வந்த மாற்றங்கள் இவை. அந்தக் கூலியைக் கொடுக்கப்போகிறவர்கள் நீங்கள் என்பதால், அதன் கணக்கை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

திருகோணமலைக் கடைத்தெருவில் புடவைக்கடை ஊழியரின் வருமானம் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, விற்பனைக் கொமிசன் என்று மூன்று துண்டாகவே இருக்கும். பெருநாளும் தீபாவளியும் நெருங்கும்போது கையில் காசு சேரும். மாரி மழை தொடங்கி மூதூர், தம்பலகாமம் பக்கத்திலிருந்து வருவோர் குறைந்தால் வருமானமும் கூடவே இறங்கிவிடும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ரியூசன் காசும் மாரியில் இறங்குவதில்லை. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது உண்மைதான். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்ட காலத்தில் ஏறிய விலைகள், பணவீக்கம் தணிந்த பின்னரும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர்.

ஓர் ஊழியரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா என்றால், மாதத்தை 240 மணித்தியாலமாகக் கொண்டு, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதத்தில் மணித்தியாலத்துக்கு 187 ரூபா 50 சதம். மாதம் 48 மணித்தியாலம் கூடுதலாக நின்றால் 9,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்துகிறோம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. ஆகவே அந்த 48 மணித்தியாலமும் கால் கடுக்க நின்று உழைத்தது, பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறக்கூடிய சேமிப்பில் ஒரு சதமும் சேர்க்காமல் போய்விடுகிறது.

இப்போது அதே ஊழியருக்கு மேலதிக நேரம் இல்லாமலே 40,000 ரூபா அடிப்படைச் சம்பளம். சேமலாப நிதியில் மாதந்தோறும் 6,000 ரூபாவுக்குப் பதிலாக 8,000 ரூபா சேரும். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை 36,600 ரூபாவிலிருந்து 36,800 ரூபாவாகும். எமக்கு ஒருவருக்கு மாதம் 2,500 ரூபா கூடுதல் செலவு, அதோடு 48 மணித்தியால வேலையும் குறைகிறது. தையற்கூலி உயர்வதன் காரணம் இதுதான்.

கொமிசனையும் நிறுத்திவிட்டோம். ஒவ்வொருவரும் ஆண்டு முழுவதும் பெற்ற கொமிசனின் மாதச் சராசரியை அவரவர் அடிப்படைச் சம்பளத்துடன் சேர்த்துள்ளோம். கலியாணச் சேலை எடுக்க வரும் தாய்மார், தங்கள் கைக்கு அடங்கும் விலையைச் சொன்ன பிறகும் அதைவிடக் கூடியதை விரித்துக்காட்ட வேண்டிய நெருக்கடி இனி எமது ஊழியருக்கு இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது.

ஆட்களைக் குறைத்தால் கூலியை ஏற்ற வேண்டியதில்லையே என்று அக்கறையுள்ள சிலர் கேட்டனர். ஆனால் அளவு பார்த்து, துணி வீணாகாமல் வெட்டத் தெரிந்த ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும். அப்படி உருவானவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் உங்கள் சட்டையின் தோள்பட்டையில்தான் அது தெரியவரும். அவர்கள் இங்கேயே நிலைக்க வேண்டும் என்பதால் பணிக்கொடை பற்றியும் ஒரு முடிவு எடுத்துள்ளோம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடங்களில், ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் வழங்க வேண்டும். நாம் அந்த எண்ணிக்கையை எட்டாத சிறிய கடை. ஆயினும் அதே கணக்கில் வழங்குவதாக ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுத்துள்ளோம்.

கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்பது 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வகுத்த அளவு. ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை; அரைநாள் முறைவைத்து வரும். ஆறு மணிக்கு மூடினால் கிண்ணியாவுக்கும் நிலாவெளிக்கும் போகும் பெண்கள் இருட்டும் முன்னரே பஸ் ஏறலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊழியர்கள் ஜும்ஆவுக்குச் செல்வதால் தையற்பகுதி இரண்டு மணிக்குத்தான் மீண்டும் இயங்கும். விற்பனை மேசைகளுக்குப் பின்னால் கதிரைகள் போட்டுள்ளோம். தமிழ்நாட்டில் 2021 இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நீங்கள் உள்ளே வரும்போது ஒருவர் அமர்ந்திருந்தால் அதை அலட்சியமாகக் கருத வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

பண்டிகைக்கு முந்திய வாரங்களில் மட்டும், விரும்பும் ஊழியர்களைக் கொண்டு, சட்டம் அனுமதிக்கும் வாரத்துக்கு 12 மணித்தியால வரம்புக்குள், கடை எட்டு மணிவரை திறந்திருக்கும். அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு.

பாடசாலைச் சீருடைக்கான தையற்கூலி உயராது. இம்மாத முடிவுக்குள் அளவு கொடுப்போருக்கு, துணி எப்போது தைத்து முடிந்தாலும், பழைய கூலியே அறவிடப்படும். அலுவலகம் முடிந்து ஆறு மணிக்குப் பின்னரே வரக்கூடியவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கே கடையைத் திறப்போம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் பணியாளர்களும்
திருகோணமலை